மிளகுக்காரனுக்கு வைத்த விருந்து

புதுச்சேரி
3-2-1936

அன்புச் சிநேகிதன் செங்கோடனுக்கு அமீர் பாஷா சலாம் சொல்லி எழுதிக்கொண்டது.

ஆண்டவன் கிருபையில் நான் சுகம். அங்கே நீ, உன் வீட்டுக்காரி பெருமாயி, மகள் அத்தாயி, என்னைக் கண்டாலே முட்ட வருகிற உன் கிடா உட்பட எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும். போன மாதமே எழுத நினைத்தேன். வியாபாரம் விடவில்லை. நீயும்தான் எழுதவில்லை, அதனால் என்னைத் திட்டாதே. பாதிரியார் பள்ளிக்கூடத்தில் எனக்கு முன்னாலேயே உனக்கு எழுத்து வந்தது. வந்து என்ன, வருஷத்துக்கு ஒரு கடுதாசி.

விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்து படி. கடற்கரைப் பக்கத்தில் முசியே லூசியன் என்று ஒரு பிரெஞ்சுத் துரை ஓட்டல் வைத்திருக்கிறார். நம் ஊர் இட்லிக்கடை என்று நினைத்துவிடாதே. கவர்னர் மாளிகைக்காரர்களும் கப்பல் கம்பெனித் துரைமார்களும் துரைசானிகளோடு வந்து சாப்பிடுகிற இடம். வாசலில் நிற்கிறவன் போட்டிருக்கிற சட்டையைப் பார்த்தே நான் முதல் தரம் சலாம் வைத்துவிட்டேன். அவருக்கு நம் மலை மிளகைக் கொஞ்சம் காட்டினேன். உன் காட்டு மிளகுதான், பலாமரத்தில் ஏற்றிய கொடியில் பறித்தது. துரை நாலு மணியை உள்ளங்கையில் நசுக்கி மோந்து பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். மூடின கண்ணைத் திறக்கவே இல்லை. என்னடா இது, ஆளுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று பயந்துபோனேன். அப்புறம் சொல்கிறார், "இதைப் பயிர் பண்ணின மனிதனை நான் பார்க்க வேண்டும். என் மேஜையில் உட்கார வைத்து அவனுக்குச் சாப்பாடு போட வேண்டும்."

செங்கோடா, உன்னைத்தான் சொல்கிறார்! பட்டாளத்துக் கர்னல்கூட அந்த மேஜைக்கு ஒரு வாரம் முன்னால் சொல்லிவைக்க வேண்டும். உன்னை அவரே கூப்பிடுகிறார். நீ வந்து உட்கார்ந்து எழுந்தால் போதும், நம் மலை மிளகு முழுவதும் என் கைவழியாக அவருக்குப் போகும். வரமாட்டேன் என்று மட்டும் சொல்லாதே. உன் முரட்டுக் குணம் எனக்குத் தெரியும். முழுக்கைச் சட்டை ஒன்று தைத்து வைக்கிறேன்.

உன்
அமீர் பாஷா


தேவனூர் நாடு
16-2-1936

அன்புள்ள பாஷாவுக்குச் செங்கோடன் எழுதுவது.

கடுதாசி வந்தது. தபால்காரர் மலையேறி வர ஏழு நாள், நான் பதில் யோசிக்க ஆறு நாள். இங்கே எல்லாரும் நலம். கிடா உன்னை விசாரித்தது.

நல்ல சேதி ஒன்று இருக்கிறது. அத்தாயிக்குக் கல்யாணம். என் தங்கச்சி ராமாயியின் மகன் ராசப்பன்தான் மாப்பிள்ளை. முறைப் பையன், பிறந்தபோதே பேசினது, இப்போது நாள் குறித்துவிட்டோம். வைகாசி கடைசியில். அத்தாயி முகத்தை நீ பார்க்க வேண்டும். ராசப்பன் பெயரைச் சொன்னால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறவள் போல எழுந்து போய்விடுகிறாள். மாட்டுக்கு ஒரு நாளைக்கு எட்டுத் தரம் தண்ணீர் காட்டுகிறாள்.

துரை சேதி கேட்டுப் பெருமாயி பயப்படுகிறாள். "போற எடத்துல கண்டதத் தின்னுப்போட்டு வந்துராதீங்க, கல்யாணம் வச்சிருக்கற ஊடு" என்கிறாள். அவள் சொல்வது சரிதான். எங்கள் நாட்டுக் கட்டுப்பாடு உனக்குத் தெரியாததா? மாட்டுக்கறி தின்றவன் வீட்டில் யாரும் பெண் எடுக்கமாட்டார்கள், கொடுக்கமாட்டார்கள். அடுப்புக்கு நெருப்புக்கூட வாங்கமாட்டார்கள். அதனால் வருகிறேன், உட்காருகிறேன், உன் துரைக்கு ஒரு கும்பிடு போடுகிறேன். தின்பதை மட்டும் என் இஷ்டத்துக்கு விட்டுவிடு. கேழ்வரகு ரொட்டி கட்டிக்கொண்டு வருகிறேன்.

உனக்காகத்தான் வருகிறேன். மிளகு விற்காமல் போனாலும் எனக்குக் கஞ்சி உண்டு.

செங்கோடன்


தேவனூர் நாடு
22-3-1936

அன்புள்ள பாஷாவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். விழுப்புரத்தில் ரயில் மாறும்போது நீ தைத்துக் கொடுத்த சட்டையின் கை ஒன்று கதவில் மாட்டிக் கிழிந்துவிட்டது. மற்றக் கை நன்றாக இருக்கிறது.

ஸ்டேஷனில் நீ என்னோடு பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றதுதான் வழியெல்லாம் உறுத்திக்கொண்டு வந்தது. பேச்சையே நிறுத்தாதவன் பேசாமல் நின்றால் எனக்குத் தாங்கவில்லை. அதனால் இந்தக் கடுதாசி.

பெருமாயி தினமும் கேட்கிறாள், நானும் தினமும் சொல்கிறேன். அப்படி ஓர் இடத்தை நான் கனவிலும் கண்டதில்லை. மேஜைக்கு வேட்டி கட்டியிருக்கிறான், என் கல்யாண வேட்டியைவிட வெள்ளை. தலைக்கு மேலே கண்ணாடிக் கொத்தில் நூறு விளக்கு. ஒரு ஆளுக்கு நாலு கண்ணாடிக் குவளை, ஆறு கத்தி, முள்கரண்டி. சாப்பிடக் கூப்பிட்டார்களா, கிடா வெட்டக் கூப்பிட்டார்களா என்று நினைத்தேன். கையுறை போட்ட பட்லர் நாற்காலியை என் பின்னால் தள்ள, நான் விழப்போகிறேன் என்று எழுந்துவிட்டேன். அவன் இழுக்க, நான் எழ, மூன்று தரம் ஆயிற்று. எதிரே இருந்த துரையின் துரைசானி சிரிக்கவே இல்லை. நல்ல மனுஷி. சிரிக்காததற்காகவே அவளைக் கும்பிட வேண்டும்.

சூப்பு வந்தது, வேண்டாம் என்றேன். வெண்ணெயில் மிதக்கிற மீன் வந்தது, வேண்டாம் என்றேன். அப்புறம் துரையே எழுந்து வந்தார். சக்கரம் வைத்த மேஜையில் அடுப்பு, செப்புச் சட்டி. என் மிளகை இடித்துக் கறித்துண்டின் மேல் அப்பி, சட்டியில் போட்டார். பாஷா, அந்த வாசனை! எங்கள் காட்டில் மழைக்குப் பிறகு கொடிக்கு அடியில் நின்றால் வருமே, அது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பட்லர் குனிந்து, "உங்களுக்காகத் துரை தன் கையாலேயே பண்றாருங்க, மாட்டுக்கறி, நல்ல எளங்கறி" என்றான். நான் கை கூப்பி, "சாமி, இது எனக்கு ஆகாதுங்க" என்றேன். துரையின் முகம் விழுந்துபோனது. அவர் கோபித்திருந்தால் எனக்கு இவ்வளவு வருத்தம் இல்லை. கடைசியில் துரைசானி ஒரு வாழைப்பழம் கொடுத்தாள். நான் உரித்துத் தின்றேன், அவர்கள் அதையும் கத்தியால் அறுத்துத்தான் தின்றார்கள்.

என்னால் உனக்குத் தலைகுனிவு என்று எனக்குத் தெரியும். மன்னித்துக்கொள்.

இன்னொன்று. அதைச் சொல்லாமல் விட்டால் நம் நடுவே முள்ளாய்க் கிடக்கும். துரை சட்டியில் பிராந்தியை ஊற்றித் தீ வைத்ததை நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன். உனக்கு அது ஆகாது. ஆனாலும் துரை மனம் நோகக்கூடாது என்று நீ தின்றாய். நான் ஒதுக்கின தட்டையும் இழுத்து வைத்துத் தின்றாய். அதற்காகத்தான் என் முகத்தைப் பார்க்கமாட்டேன் என்கிறாய். பைத்தியக்காரா, அது உனக்கும் உன் ஆண்டவனுக்கும் உள்ள பாடு. நான் யாரிடமும் சொல்லவில்லை. பெருமாயியிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

அத்தாயி கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னாலேயே வந்துவிட வேண்டும். உன் வீட்டுக்காரி அலிமா பீவியையும் அழைத்து வா.

உன்
செங்கோடன்


புதுச்சேரி
5-4-1936

என் உயிர்ச் சிநேகிதன் செங்கோடனுக்கு அமீர் பாஷாவின் சலாம்.

கோபமா, எனக்கா, உன்மேலா! அட போப்பா. அன்றைக்கு எனக்குத் தலைவலி, அவ்வளவுதான். அந்தப் பிராந்தி விஷயத்தை நான் கவனிக்கவே இல்லை. அப்படி ஏதும் இருந்திருந்தால் தீயிலேயே எரிந்து போயிருக்கும். அந்தப் பேச்சை விடு. கடுதாசியில் எழுதுகிற விஷயமா அது?

துரைக்கு நீ சாப்பிடாதது வருத்தம்தான். ஆனாலும் மிளகு வேண்டும் என்கிறார். நம் காரியம் பழுதில்லை.

போன வாரம் சோளக்காட்டுச் சந்தைக்கு வந்திருந்தேன், தெரியுமா? உன்னைத் தேடினேன். கல்யாணக் காரியம் பேச ராமாயி வீட்டுக்குப் போயிருக்கிறாய் என்றார்கள். வந்ததற்கு உனக்கு ஓர் உபகாரம் செய்துவிட்டுத்தான் வந்தேன். சந்தையில் நாலு பேர் கேட்டார்கள், "ஏனுங்க பாய், நம்ம செங்கோடன் புதுச்சேரி போயி மேசையில என்ன பண்ணுனான்?" என்று. கேட்ட மாதிரியிலேயே கிண்டல். மலைக்காரன் முள்கரண்டியை வைத்துத் தலை சொறிந்திருப்பான் என்று ஒருத்தன் சொல்கிறான். எனக்கு வந்ததே ஆத்திரம்! மிளகு மூட்டை மேல் ஏறி உட்கார்ந்து சொன்னேன் பார். துரை எழுந்து நின்று நாற்காலி போட்டதைச் சொன்னேன். செங்கோடன் கவர்னர் மாதிரி கைத்துணியை மடியில் விரித்ததைச் சொன்னேன். சூப்பு முதல் கறி வரைக்கும் ஒன்று விடாமல், கத்தியும் முள்ளுமாக, ஒரு பருக்கை சிந்தாமல் தட்டைக் காலி பண்ணினான், துரைசானியே கை தட்டினாள் என்றேன். கொஞ்சம் உப்புப் புளி கூட்டித்தான் சொன்னேன். நீ பட்டினி உட்கார்ந்திருந்தாய் என்று சொல்லி அந்தப் பயல்கள் சிரிப்பதற்கு நான் இடம் கொடுப்பேனா? எல்லாரும் வாயைப் பிளந்துவிட்டார்கள். இனி உன்னை எவனும் காட்டான் என்று சொல்லமாட்டான்.

கல்யாணத்துக்கு வராமல் இருப்பேனா? அத்தாயிக்குப் பட்டுத் துணி எடுத்து வைத்திருக்கிறேன். என்ன நிறம் என்று சொல்லமாட்டேன்.

உன்
அமீர் பாஷா


தேவனூர் நாடு
19-4-1936

பாஷாவுக்கு,

உன் கடுதாசி வருவதற்கு முன்னாலேயே நீ செய்த உபகாரம் வந்து சேர்ந்துவிட்டது.

சந்தையில் நீ சொன்னபோது ஜவுளிக்கார அர்த்தனாரியும் இருந்திருக்கிறான். அவன் புதுச்சேரிக்குப் போய்வருகிறவன். நீ எழுந்து போன பிறகு, "அந்த ஓட்டல்ல கறின்னா அது மாட்டுக்கறிதானுங்க, வேற என்ன?" என்று சொல்லியிருக்கிறான். அவ்வளவுதான். அன்று சாயங்காலமே தேவனூர் முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் பெருமாயி பக்கத்து வீட்டுக்கு நெருப்பு வாங்கப் போனாள். அவர்கள் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

ராமாயி அழுதுகொண்டு வந்தாள். "நெசமா அண்ணா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வாசலில் இன்னும் நாலு பேர் வந்து நின்றார்கள். கூட்டத்தில் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

சித்திரைப் பௌர்ணமிக்கு, மே மாதம் ஆறாம் தேதி, நாட்டுக்கூட்டம். அதில் தீர்ப்புச் சொல்கிற அப்பாசாமிக் கவுண்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நல்ல மனுஷர்தான். "சாமி, நீ தின்னிருக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும். கோயில்ல கற்பூரத்த அணைச்சுச் சத்தியம் பண்ணிரு, முடிஞ்சு போச்சு. ஆனா அந்தப் பாய் பொய்யனாயிருவான். நாக்குச் சுத்தமில்லாதவனச் சந்தையில ஒக்கார உட மாட்டாங்க, பாத்துக்க." அவர் சொல்வது உனக்கே தெரியும். இந்த மலையில் உனக்குத் தேனும் மிளகும் கொடுக்கிறவன் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டா கொடுக்கிறான்? உன் வாயை நம்பித்தான் கொடுக்கிறான். உன் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான்.

அதனால் கேட்கிறேன். நீயே வா. கூட்டத்தில் எழுந்து, "விளையாட்டுக்குச் சொன்னேனுங்க, செங்கோடன் ஒரு வாழைப்பழம் தவிர ஒண்ணும் தின்னலைங்க" என்று ஒரு வார்த்தை சொல். நான் சொன்னால் நீ பொய்யன். நீயே வந்து சொன்னால் அது விளையாட்டு. சிரித்துவிட்டு ஆளுக்கொரு திட்டுத் திட்டி விட்டுவிடுவார்கள். கவுண்டரும் அதைத்தான் சொல்கிறார்.

எனக்கு உன்மேல் கோபம் இல்லை என்று எழுதப் பார்க்கிறேன். முடியவில்லை. இருக்கிறது. ஆனால் நீ வந்து நின்றால் போய்விடும்.

பிள்ளையின் கல்யாணம் இதில் தொங்குகிறது பாஷா. ஆறாம் தேதி. மறந்துவிடாதே.

செங்கோடன்


புதுச்சேரி
28-4-1936

செங்கோடா,

உன் கடுதாசியைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. அந்த அர்த்தனாரி நாசமாய்ப் போக. அவன் வாயை யார் திறக்கச் சொன்னது? நான் உன்னைத் தூக்கி வைக்கத்தான் சொன்னேன். ஆண்டவன் அறிய, உன்னைக் கீழே தள்ள நினைக்கவில்லை.

கட்டாயம் வருகிறேன். ஒன்றாம் தேதி கப்பலுக்குச் சரக்கு ஏற்ற வேண்டும், மூன்றாம் தேதி புறப்பட்டுவிடுவேன். ஒருவேளை தாமதமாகிவிட்டால் என்ன செய்வது என்றும் யோசித்தேன். தனியாக ஒரு சீட்டு எழுதி இதோடு வைத்திருக்கிறேன். செங்கோடன் அங்கே எதுவும் சாப்பிடவில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டு. வாசிக்கத் தெரிந்தவன் உன் ஒருவனைத் தவிர அங்கே யாரும் இல்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. இருந்தாலும் வைத்துக்கொள்.

உனக்கு ஒளிப்பானேன். அங்கே வந்து நின்றால் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். செங்கோடன் தின்னவில்லையென்றால் தட்டு எப்படிக் காலியானது, யார் தின்றது என்று கேட்பார்கள். நான்தான் என்று சொல்ல வேண்டும். பிராந்தி ஊற்றின கறி என்று அர்த்தனாரி எடுத்துக் கொடுப்பான், அந்த ஓட்டல் சமையல் எல்லாம் அவனுக்குத் தெரியும். மறுநாளே எங்கள் ஊர் சேந்தமங்கலத்தில் பேச்சாகிவிடும். என் மாமனார், அலிமா பீவியின் வாப்பா, எங்கள் பள்ளிவாசல் காரியங்களைப் பார்க்கிறவர். அந்த மனிதர் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? எனக்கும் மகள் இருக்கிறாளே செங்கோடா.

ஆனாலும் வருவேன். உனக்காக வராமல் யாருக்காக வரப்போகிறேன்? தைரியமாக இரு.

அமீர் பாஷா


தேவனூர் நாடு
11-5-1936

பாஷாவுக்கு,

நீ வரவில்லை.

ஆறாம் தேதி காலையிலேயே மேட்டில் போய் நின்றுகொண்டேன். அங்கிருந்து பார்த்தால் அடிவாரத்துப் பாதையில் ஏறுகிறவன் யாரானாலும் இரண்டு திருப்பம் முன்னாலேயே தெரியும். உப்பு மூட்டைக்காரன் வந்தான், தபால்காரர் வந்தார், செம்மேட்டுக்குப் போகிற ஆபீஸ் சேவகன் ஒருத்தன் வந்தான். ஒவ்வொரு தலையும் தெரியும்போது நீதான் என்று நினைத்தேன். குல்லா தெரிகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் கூட்டம் கூடியது. பாய் வருவார், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். பொறுத்தார்கள். வெயில் இறங்குகிற வரைக்கும் பொறுத்தார்கள். உன் சீட்டு மடியிலேயே கிடந்தது; வாசிக்கத் தெரிந்த ஒரே ஆளான நானே வாசித்தால் யார் நம்புவார்கள்?

அப்புறம் கவுண்டர் தட்டில் கற்பூரம் ஏற்றி என் முன்னால் வைத்தார். "சொல்லு சாமி. தின்னியா, தின்னலையா? பாய் சொன்னது பொய்யா?" என்றார்.

தின்றேன் என்று சொல்லிவிட்டேன்.

உன்னைக் காப்பாற்றச் சொன்னேன் என்று நினைத்துச் சந்தோஷப்படாதே. அதுவும் கொஞ்சம் இருந்தது. இல்லையென்று சொன்னால் மறு கேள்வி யார் தின்றது என்பதுதான். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று உனக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அதைவிட அதிகமாக எனக்கு வீம்பு. இவன் ஒரு வார்த்தை சொல்ல வரவில்லையே, இவனுக்காக நான் எதற்கு ஊர் முன்னால் கற்பூரம் அணைத்து என் யோக்கியதையைக் காட்ட வேண்டும், எது போனாலும் போகட்டும் என்று நெஞ்சு முட்டிக்கொண்டு வந்தது. வாயில் வந்துவிட்டது. அந்த நேரத்தில் நான் அத்தாயியை நினைத்திருக்க வேண்டும். நினைக்கவில்லை. இதை நான் சாகிற வரைக்கும் என்னால் மன்னிக்க முடியாது.

மூன்று வருஷம் தள்ளி வைத்திருக்கிறார்கள். நல்லது கெட்டது எதற்கும் எங்களுக்கு அழைப்பில்லை. கோயில் படி ஏறக்கூடாது. கவுண்டர் தீர்ப்புச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ராமாயி தாம்பூலத்தைத் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள். உள்ளே வரவில்லை. ராசப்பன் ரொம்ப நேரம் பலாமரத்தடியில் நின்றான். அப்புறம் அவன் மாமன்மார் வந்து அழைத்துப் போய்விட்டார்கள்.

அத்தாயியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். "நீங்க தின்னலீன்னா ஏனுங்கப்பா தின்னேன்னு சொன்னீங்க?" என்றாள். அதற்குப் பதில் உனக்குத் தெரியுமா?

உன் பட்டுத் துணி வேண்டாம். அனுப்பினால் திருப்பி அனுப்புவேன். மிளகை வேறு ஆளிடம் போடுகிறேன். இனி எனக்குக் கடுதாசி எழுதாதே.

செங்கோடன்


சேந்தமங்கலம்
2-7-1936

செங்கோடனுக்கு,

எழுதாதே என்றாய். இது ஒன்றுதான், இதற்குப் பிறகு தொந்தரவு பண்ணமாட்டேன்.

மூன்றாம் தேதி நான் புறப்பட்டேன். அது உனக்குத் தெரிய வேண்டும். ஐந்தாம் தேதி இரவு சேந்தமங்கலம் வந்துவிட்டேன். ஆறாம் தேதி விடிகாலையில் காரவள்ளி வரைக்கும் நடந்தேன். அடிவாரத்தில் ஒரு பாறையில் உட்கார்ந்தேன், கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறலாம் என்று. வெயில் ஏறியது. இறங்குகிறவர்கள் எல்லாம், "என்னங்க பாய், ஏறலீங்களா?" என்று கேட்டுக்கொண்டே போனார்கள். இதோ ஏறுறேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். சாயங்காலம் எழுந்து வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். நீ மேட்டில் நின்றுகொண்டிருந்தபோது நான் உனக்கு நேர் கீழேதான் உட்கார்ந்திருந்தேன். ஜுரம் என்று எழுதலாமா என்று யோசித்தேன். உன்னிடம் இன்னொரு பொய் வேண்டாம்.

உன் கடைசிக் கடுதாசி வந்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முதலில் அலிமாவிடம் சொன்னேன். அழுதாள். அப்புறம் அவள் வாப்பாவிடம் போய்ச் சொன்னேன். அந்தப் பெரியவர் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார். "தவ்பா செய், பாவமன்னிப்புக் கேளு. அத ஆண்டவன் பாத்துக்குவான். மொதல்ல அந்த மனுசனுக்குச் செய்ய வேண்டியதச் செய்" என்றார். அவ்வளவுதான். இதற்கா நான் பாறையில் உட்கார்ந்திருந்தேன்!

போன வாரம் சந்தை நாளில் சோளக்காட்டுக்கு ஏறினேன். அதே இடத்தில் நின்றுகொண்டு, எல்லாரும் கேட்கச் சொன்னேன். செங்கோடன் வாழைப்பழம் தவிர எதையும் தொடவில்லை, நான்தான் தின்றேன், அவன் தட்டையும் சேர்த்து நான்தான் தின்றேன், பிராந்தி ஊற்றினது தெரிந்தே தின்றேன், சந்தையில் சொன்னது அத்தனையும் பொய் என்றேன். கல்லெடுத்து எறிவார்கள் என்று நினைத்தேன். எறிந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

ஒருவரும் நம்பவில்லை.

சிரித்தார்கள். ஒரு கிழவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சிநேகிதனுக்காவ ஒங்க பேரையே கெடுத்துக்கறீங்களே பாய், இப்பேர்ப்பட்ட மனசு யாருக்கு வருமுங்க" என்றார். அப்பாசாமிக் கவுண்டர் வீட்டுக்குப் போனேன். குர்ஆன் மேல் சத்தியம் செய்கிறேன் என்றேன். "வேண்டாமுங்க பாய். கற்பூரத்துக்கு முன்னால அவனே வாயால ஒத்துக்கிட்டான். அதுக்கு மேல ஒரு சத்தியம் எனக்கு வேணுமுங்களா?" என்று சொல்லி மோர் கொடுத்து அனுப்பினார். அன்றைக்குச் சந்தையில் எனக்கு வந்து குவிந்த சரக்கு இதுவரைக்கும் வந்ததில்லை. தேன், மிளகு, கடுக்காய். எனக்கு அதையெல்லாம் தொடவே கூசியது. ஆனாலும் ஏற்றிக்கொண்டுதான் வந்தேன்.

ராமாயி வீட்டுக்கும் போனேன். ராசப்பன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். ஆவணியில் அவனுக்கு வேறு இடத்தில் பேசியிருக்கிறார்களாம். ராமாயி காலில் விழாத குறையாக நான் சொன்னேன். தங்கச்சி, உன் அண்ணன் தின்னவில்லை, நம்பு என்றேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "எங்கண்ணன் இன்னைக்கு வரைக்கும் ஒரு பொய் சொன்னதில்லீங்க பாய். அவன் தின்னேன்னு சொன்னா தின்னதுதானுங்க."

அங்கிருந்து உன் வீட்டு வழியாகத்தான் வந்தேன். நீ காட்டில் இருந்தாய். பெருமாயி என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அத்தாயி மாட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். வாருங்கள் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. குழந்தை மெலிந்துபோயிருக்கிறாள். வந்த வழியே இறங்கிவிட்டேன்.

செங்கோடா, நான் நூறு தரம் உண்மையைச் சொன்னாலும் இந்த மலையில் அது ஏறாது. உன் வாயால் வந்தால்தான் ஏறும். நீ ஒருத்தன் கூட்டத்தில் எழுந்து, அன்றைக்கு நான் சொன்னது பொய் என்று சொன்னால் போதும், ஆவணிக்கு இன்னும் நாள் இருக்கிறது, ராசப்பனை அத்தாயிக்கே முடித்துவிடலாம். போய்ச் சொல் என்று எழுதத்தான் காகிதத்தை எடுத்தேன். இதே ஒரு வார்த்தையைச் சொல்ல நீ என்னைக் கூப்பிட்டாய், நான் வரவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு உன்னை இப்போது சொல்லச் சொல்வேன்?

அமீர் பாஷா